இவன் வளர்ந்து என்ன ஆவான்?





பிள்ளைகளை மக்தபில் விட்டுச் செல்லும் உம்மாமார்களும் வாப்பாமார்களும் என்னிடம் பலவற்றைக் கேட்பதுண்டு. அவற்றுள் ஒரு கேள்வியை மட்டும் பிள்ளையின் காதுபடக் கேட்பதில்லை. அவன் வெளியே ஓடிய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: “ஹஜ்ரத், இவன் வளர்ந்து என்ன ஆவான்?” ஓரிடத்தில் அமராத பிள்ளை, சொன்னதை மறுநொடி மறக்கும் பிள்ளை, முறை வரும்வரை பொறுக்க இயலாத பிள்ளை ஆகியோரின் பெற்றோரே இதைக் கேட்கின்றனர்.

இந்நிலையை மருத்துவர்கள் ஏ.டி.ஹெச்.டி. என்கின்றனர். கவனம் நிலைக்காமை, மிகையான துடிப்பு, எண்ணிப் பாராமல் செயல்படுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; 6 மாதமேனும் நீடித்திருக்க வேண்டும்; வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலேனும் வெளிப்பட்டு அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும். அப்போதுதான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். துடிப்பே இல்லாமல், சன்னலைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கும் இது இருக்கலாம். அவளால் எவருக்கும் தொந்தரவு இல்லாததால் பல வேளைகளில் யாரும் கவனிப்பதில்லை.

மேற்கண்ட கேள்விக்கு நம் குடும்பங்களில் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. “மீசை முளைத்தால் தானாக அடங்கிவிடுவான், இவன் வாப்பாவும் இப்படித்தான் இருந்தார்” என்பது பாட்டனார் சொல்லும் விடை. “இது தேறாத கேஸ்” என்பது அக்கம்பக்கத்தார் சொல்லும் விடை. முதல் விடையைக் கேட்ட குடும்பம் காத்திருக்கிறது. இரண்டாவதைக் கேட்ட குடும்பம் கைவிடுகிறது. இரண்டிலும் பிள்ளைக்கு இன்று கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை.

இப்பிள்ளைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. எம்.டி.ஏ. என்பது அதன் பெயர். பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கவனமாக அளவிட்ட மருந்தும், ஒரு பிரிவுக்கு நடத்தைப் பயிற்சியும், ஒரு பிரிவுக்கு இரண்டும் அளித்தனர். நான்காம் பிரிவு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவத்தைப் பெற்றது. 1999இல் வெளியான முடிவின்படி, 14 மாத நிறைவில், கவனமான மருந்து பெற்ற இரு பிரிவுகளிலும் அறிகுறிகள் மற்றவற்றைவிட நன்கு குறைந்திருந்தன. ஆயினும் 8 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எந்தப் பிரிவில் இருந்தான் என்பதைக் கொண்டு ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்ல இயலவில்லை. தொடக்கத்தில் அறிகுறிகள் எவ்வளவு கடுமையாக இருந்தன, சண்டை, பொய், திருட்டு போன்ற நடத்தைச் சிக்கல்கள் இருந்தனவா, அறிவுத்திறன் எப்படி, குடும்பத்தின் சூழல் எப்படி, முதலில் பெற்ற சிகிச்சைக்கு அவன் எவ்வளவு இணங்கினான் என்பவையே ஓரளவு முன்னறிவித்தன.

அதே பிள்ளைகளை 16 ஆண்டுகள் வரை பலமுறை சந்தித்துத் தொகுத்த முடிவு 2022இல் வெளியானது. நீடித்த நலம் பெற்றவர்கள் சுமார் 9 சதவீதம். மாறாமல் அதே நிலையில் இருந்தவர்கள் சுமார் 11 சதவீதம். ஏறத்தாழ 64 சதவீதத்தினருக்கோ சில ஆண்டுகள் நலமும் சில ஆண்டுகள் சிரமமுமாக ஏறி இறங்கியே வந்திருக்கிறது. இவ்விவரத்தைப் பெற்றோர் அவசியம் மனத்தில் இருத்த வேண்டும். ஓராண்டு நன்றாகப் போனதும் “குணமாகிவிட்டான்” என்று எல்லா உதவிகளையும் நிறுத்துவதும், மறு ஆண்டு சரிந்ததும் “அத்தனையும் வீண்” என்று மனம் உடைவதும் இந்த ஏற்ற இறக்கத்தை அறியாமையால் வருபவை.

நியூயார்க்கில் நடந்த மற்றோர் ஆய்வு, சிறுவயதில் இந்நிலை கண்டறியப்பட்ட ஆண்களை 40 வயது கடந்தும் தேடிச் சென்று சந்தித்தது. அவர்களுள் பெரும்பாலோர் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தனர். ஆனால், ஒப்பிடப்பட்ட மற்ற ஆண்களைவிடச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் குறைவாகவே படித்திருந்தனர்.

இந்த இரண்டரை ஆண்டு என்னும் கணக்கு, ஒரு தொலைபேசி அழைப்பின்போது எனக்கு உதவிற்று. என் மாணவன் ஒருவனின் வாப்பா சவூதியில் இருக்கிறார். ஒருநாள் அவர் அழைத்து, “ஹஜ்ரத், மறைக்காமல் சொல்லுங்கள். இவனுக்குச் செலவழிப்பதில் பயன் உண்டா? இல்லையென்றால் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மச்சானுடைய கடையில் விட்டுவிடுகிறேன்” என்றார். ஊரைவிட்டுப் போய் வெயிலில் உழைத்து அனுப்பும் பணம் அது. அவர் கேட்டதில் குற்றமில்லை.

நான் சொன்னேன்: “நாற்பது வயதில் இவன் எப்படி இருப்பான் என்பதை நானும் சொல்ல முடியாது, மருத்துவரும் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் படிப்பைப் பாதியில் இழப்பதே அவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டங்களுள் ஒன்று. எந்த முடிவுக்கு அஞ்சுகிறீர்களோ அதை நாமே இன்று எழுதிவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு வரை ஓர் ஆண்டு, இன்னோர் ஆண்டு என்று பார்ப்போம்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, ஹஜ்ரத். இந்த ஆண்டு படிக்கட்டும்” என்றார். பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். மருத்துவர் தந்த மாத்திரையை உட்கொள்கிறான். அவன் ராத்தா மாலையில் வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறாள். சென்ற தேர்வில் கணக்கில் தோற்றான். யாசீன் சூராவில் பாதியை மனனம் செய்துவிட்டான். இதைவிட நல்ல செய்தி இப்போதைக்கு என்னிடம் இல்லை.

மக்தபில் நாங்கள் செய்வதும் எளியதே. இத்தகைய பிள்ளைக்கு ஒரே மூச்சில் பத்து வசனங்கள் கொடுப்பதில்லை. இரண்டு கொடுத்து, ஒப்புவித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வரச் சொல்கிறோம். வாசலோரம் அமர்த்தாமல் என் அருகில் அமர்த்துகிறேன். சரியாகச் செய்ததை அந்த நொடியிலேயே பாராட்டுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்கும் பரிசு ஞாயிற்றுக்கிழமை செய்த நன்மையோடு அவன் மனத்தில் இணைவதில்லை. பிரம்பு இவனுக்கு எதையும் கற்பிப்பதில்லை. குர்ஆனோடு அச்சத்தைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

பெற்றோருக்கும் சில சொல்ல விரும்புகிறேன். ஓதிப் பார்ப்பது உங்கள் ஈமானின் ஆறுதல். அத்துடன் நின்றுவிடாமல் குழந்தைநல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் சொற்படி இருக்கட்டும். நோன்பு பிடிக்கும் வயதுப் பிள்ளையாயின், ரமளானுக்கு முன்பே மாத்திரை நேரத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டையும் பொய்யும் தலைகாட்டினால் “சின்னப் பிள்ளைதானே” என்று விடாமல் உடனே உதவி தேடுங்கள். ஆய்வுகள் எச்சரிக்கும் இடம் அதுவே. விருந்தினர் முன்னிலையில் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். “தேறாதவன்” என்ற சொல்லைப் பத்து ஆண்டுகள் கேட்ட பிள்ளை அதை நம்பத் தொடங்குகிறான்.

மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நம் பிள்ளையின் நாளை என்பதும் அந்த மறைவில் அடங்கியதே. ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பார்த்துப் பொதுவான போக்கைச் சொல்வார்கள். ஒரு பிள்ளையின் முடிவை அவர்களும் சொல்வதில்லை. நமக்கு ஒப்படைக்கப்பட்ட அமானிதம் இந்த ஆண்டும் இந்த வாரமும் இன்றைய பாடமும்தான். ஆகவே, இனி என்னிடம் தனியே பேச வரும்போது “இவன் என்ன ஆவான்” என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, “இந்த மாதம் இவனுக்கு என்ன தேவை” என்று கேளுங்கள். அதற்கு மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் நானும் சேர்ந்து விடை தேடலாம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. அவர்களைச் சுமக்கும் பெற்றோருக்குப் பொறுமையையும் தெளிவையும் தருவானாக. ஆமீன்.