நிறைத்த முட்டையும் பொரித்தல் என்னும் வினையும்

ஏர் ஃபிரையர் என்ற பெயரின் முதற்சொல் மெய். இரண்டாம் சொல் பொய். அக்கருவியின் உள்ளே நிகழ்வது பொரித்தல் அன்று. மேற்பகுதியில் ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அதனோடு ஒரு விசிறி, கீழே துளைகளிட்ட ஒரு கூடை. சூடேறிய காற்றை விசிறி விரைந்து சுழற்றுகிறது. கூடையிலுள்ள பண்டத்தின் எல்லாப் பக்கமும் அக்காற்றுப் படுகிறது. பேக்கரி அடுப்பில் நிகழும் அதே வேலை இங்கே ஒரு சிறிய அறைக்குள் வேகமாக நிகழ்கிறது, அவ்வளவே. 2010-இல் பெர்லின் மின்னணுப் பொருட்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதனை அறிமுகம் செய்தபோது ‘காற்றடுப்பு’ என்று பெயர் வைத்திருந்தால், இத்தனை சமையலறைகளுக்குள் இது நுழைந்திருக்குமா என்பது ஐயமே. மக்கள் விரும்புவது பொரித்த பண்டத்தை, அஞ்சுவது எண்ணெயை. விருப்பத்தைப் பெயருக்குள் வைத்து அச்சத்தை வெளியே நிறுத்திய வணிகத் திறமை அது.

விழிஞ்ஞத்தில், மீன்பிடித் துறையிலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்துகளுள் ஒன்றில் உள்ள ஒரு வீட்டில், இந்தப் பெயர் மெய்யாகவே ஒரு சிக்கலை உண்டாக்கியது.

அவ்வீட்டுக்குரிய அம்மையார் குளச்சலில் பிறந்து, விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இக்கரையோரத்தில் இத்தகைய கொள்வினை கொடுப்பினை புதிதன்று. 1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லை வரையப்படும்வரை இரண்டும் ஒரே அரசின் கீழிருந்த ஊர்கள். கோடு வரையப்பட்ட பின்னும் பங்குக்கோயில்களுக்கிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை. அவருடைய கணவர் முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். நெஞ்சுவலி வந்து, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் வீட்டோடு இருக்கிறார். எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மருத்துவர் சொன்ன பல சொற்களுள் அவர் மனத்தில் தங்கியது ‘பொரித்தது’ என்ற ஒன்றே. தட்டில் எது வந்தாலும் ஒரே வினா: “பொரிச்சதா?” ஆம் என்றால் தட்டு நகர்த்தப்படும். மாலை வேளையில் எல்லோரும் கூடியிருந்து ஏதேனும் கொறிக்கையில், அவர் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவது வழக்கமாயிற்று. அவர் உண்ணாததைவிட, எழுந்து போவதுதான் அம்மையாருக்குத் தாங்கவில்லை.

மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் தலச்சேரிக் குடும்பத்தினர். கணவருக்குப் புதிய துறைமுகத்தோடு தொடர்புடைய வேலை. நோன்பு மாதத்தில் மாடியிலிருந்து கீழே இறங்கிவரும் தட்டில் பெரும்பாலும் இருந்தது ‘முட்ட நிறச்சது’.

வடமலபார் முஸ்லிம் வீடுகளின் நோன்புதிறப்புப் பண்டங்களுள் ஒன்று இது. முட்டையை முழுதாக வேகவைத்து, ஓட்டை நீக்கி, வெண்கருவைக் கீறி மஞ்சள் கருவை வெளியே எடுக்கிறார்கள். வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, மஞ்சளும் கரம் மசாலாவும் சேர்த்து, உதிர்த்த மஞ்சள் கருவோடு பிசைந்து, வெண்கருவின் குழிக்குள் மீண்டும் நிறைக்கிறார்கள். வாயை மைதாப் பசையால் மூடி, மாவுக்கரைசலிலோ அடித்த முட்டையிலோ தோய்த்து, எண்ணெயில் இட்டு எடுக்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, அதனுள் வழுவழுப்பு, அதற்கும் உள்ளே காரம்.

ஷார்ஜாவிலிருந்து மகள் ஏர் ஃபிரையர் ஒன்றை வாங்கி அனுப்பிய அன்று, அம்மையார் அதை மாடிக்கே எடுத்துச் சென்றார். அந்த முட்டையை இதில் செய்ய முடியுமா என்பதே அவர் கேட்டது.

முதல்நாள் முயற்சி முட்டையை உரிப்பதிலேயே சறுக்கியது. நாட்டுக்கோழி இட்டு ஒருநாளே ஆன முட்டைகள் அவை. ஓட்டோடு வெண்கருவும் பிய்ந்து வந்தது. புதிய முட்டையில் கரியமில வாயு மிகுதி. நாள் செல்லச் செல்ல அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, வெண்கரு காரத்தன்மை அடைகிறது. அப்போதுதான் உட்சவ்வு பற்றுவிட்டு எளிதாக உரிகிறது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரியேறி, கேரளத்துக் கடைகளில் சில நாள் இருந்து வரும் முட்டை இந்த ஒரு காரியத்துக்கு நாட்டுமுட்டையைவிட மேல். இரண்டாம் தவணையாகக் கடைமுட்டை வாங்கி வந்து உரித்து நிறைத்து, வழக்கம்போல் மாவில் தோய்த்துக் கூடையில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் மாவெல்லாம் துளைகள் வழியே ஒழுகிக் கீழ்த்தட்டில் உறைந்து கிடந்தது. முட்டை மொட்டையாக நின்றது.

“சேச்சீ, இதில் மாவு நிக்கூல” என்றார் தலச்சேரிப் பெண்.

நிற்காததற்குக் காரணம் உண்டு. எண்ணெயும் காற்றும் ஒரே 180 பாகையில் இருந்தாலும், பண்டத்துக்கு வெப்பத்தைக் கொடுக்கும் வேகத்தில் எண்ணெய்க்கு அருகில்கூடக் காற்று வரமுடியாது. எண்ணெயில் விழுந்த கணத்திலேயே மாவு இறுகிக் கூடாகிறது. காற்றிலோ அது இறுகுமுன் ஒழுகிவிடுகிறது. ஆகவே ஈரப்பூச்சு இக்கருவிக்கு ஆகாது, உலர்பூச்சு வேண்டும். மறுநாள் மாடிப்பெண் முட்டையை ஈரம்போகத் துணியால் ஒற்றி, அரிசிமாவில் புரட்டி, அடித்த வெண்கருவில் நனைத்து, பொடித்த ரஸ்க்கில் உருட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். அதன்மேல் ஒரு சிறுகரண்டித் தேங்காய் எண்ணெயை விரலால் தடவினார். எண்ணெய் அறவே இல்லையென்றால் பூச்சு வெந்தும் சுண்ணாம்புபோல் வெளுத்தே இருக்கும். அந்தச் சிறுகரண்டிதான் நிறமும் மொறுமொறுப்பும் தருவது. கருவியை முன்கூட்டியே சூடாக்கி, ஏழெட்டு நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பியதில் முட்டை பொன்னிறமாக வெளிவந்தது.

இப்போதுதான் சிக்கல் தொடங்கியது. கணவர் கேட்கப்போகும் வினாவுக்கு என்ன விடை சொல்வது? கருவியின் பெட்டியில் ‘ஃபிரையர்’ என்று எழுதியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படித்தும் விட்டார்கள். முப்பது ஆண்டு கடலுக்குப் போனவரிடம் பொய் சொல்லி ஊட்டுவது அம்மையாரின் இயல்பன்று.

தீயோடு தொடர்புடைய வினைச்சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஆனால் அடுக்கிய முறை வேறு. மலையாளத்தில் முட்டையைப் புழுங்குவார்கள்; குளச்சலில் அவிப்பார்கள்; தமிழில் புழுங்கியது நெல்லோடு நின்றுவிட்டது, போனால் வெயில்காலத்து அறைக்குள் புழுங்கும். எண்ணெயில் இட்ட மீன் தலச்சேரியில் ‘பொரிச்சது’, திருவனந்தபுரத்தில் ‘வறுத்தது’, தமிழிலோ வறுத்தல் பெரிதும் உலர்சட்டிக்கு உரியது. ஆகவே மாடிப்பெண்ணும் கீழ்வீட்டு அம்மையாரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஒரே சட்டியை நினைப்பதில்லை.

‘பொரி’ என்ற சொல்லோ எண்ணெய்க்கு முற்பட்டது. ஆயுதபூசைக்கும் கார்த்திகைக்கும் படைக்கும் பொரியில் ஒரு துளி எண்ணெய் கிடையாது. சுடுமணலில் இட்டு எடுப்பது அது. கோழி குஞ்சு பொரிக்கிறது. அங்கே அடுப்பே இல்லை. சங்கப் பாடல்களில் பட்டை வெடித்த அடிமரம் ‘பொரியரை’ எனப்படுகிறது. இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், மேற்பரப்பு வெடித்துச் சொரசொரப்பாவது என்பதே இச்சொல்லின் உயிர்நிலை என்று கொள்ளலாம்; எண்ணெய் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அளவில் சுடுகாற்றில் மொறுமொறுப்பாக்கும் கருவி, வாணலியைவிடப் பொரிகடைக்காரரின் மணற்சட்டிக்கே நெருங்கிய உறவு. சொல்லாய்வின்படி அம்மையார் ‘பொரிச்சது’ என்று சொன்னால் குற்றமில்லை. ஆனால் நோயாளியின் காதில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான். அவரிடம் போய் வேர்ச்சொல் விளக்கம் சொல்வது வீண்வேலை.

வெளிநாட்டில் இதற்கு ‘டெவில்டு எக்’ என்று பெயர் என்று மகள் தொலைபேசியில் சொன்னார். “பிசாசு முட்டையா? ஏசுவே!” என்று அம்மையார் சிலுவை போட்டுக்கொண்டார். இந்தக் கூச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தேவாலய விருந்துகளில் இதே பண்டம் ‘நிறைத்த முட்டை’, ‘அலங்கரித்த முட்டை’ என்றெல்லாம் பெயர் மாறி மேசைக்கு வந்திருக்கிறது. மிகுந்த காரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சாத்தானை அழைக்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. இலங்கை உணவகங்களில் இறால் டெவில், கோழி டெவில் என்று அது இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழ் இவ்வாறு சிந்திக்கவில்லை. பேய்ப்புடல், பேய்ச்சுரை என்று தாவரத்தின் முன் பேயை நிறுத்தினால் அது காரமானது என்று பொருளன்று, வாயில் வைக்க முடியாத கசப்பு என்று பொருள். ‘டெவில்டு எக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பேய்முட்டை என்றால், அதை ஒருவரும் தொடமாட்டார்.

குளிர்ந்த வெண்கருவின்மேல் மயோனைசில் குழைத்த மஞ்சள் கருவைப் பிழிந்து வைக்கும் அமெரிக்க வடிவமே இப்பண்டத்தின் மூலம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது அண்மைக் காலத்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபேன்னி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில்தான் மயோனைசைச் சேர்க்கும் யோசனை வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு அந்தலூசியச் சமையற் சுவடியிலேயே கொத்தமல்லி, வெங்காயச்சாறு, மிளகு சேர்த்து நிறைத்து, இரு பாதிகளையும் குச்சியால் பிணைத்த முட்டை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியரான பிளாட்டினா, பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் நிறைத்த முட்டையை எண்ணெயில் மெல்லப் பொரிக்கச் சொல்கிறார். மொறுமொறுப்பான டெவில்டு எக் என்று இன்று புதுமைபோல் பேசப்படுவது, குளிர்ந்த வடிவத்துக்கு நானூறு ஆண்டு மூத்தது. தலச்சேரி அடுக்களை அந்த மூத்த கிளையோடு ஒத்துப்போகிறது.

பெயர்ச் சிக்கல் ஒருபுறமிருக்க, கருவியின் விளம்பரம் மறைத்துவிடும் இன்னொன்றை மாடிப்பெண்தான் எடுத்துச் சொன்னார். எண்ணெய் போயிற்று; மஞ்சள் கரு போகவில்லையே. ஏறக்குறைய 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 186 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. அனேகமாக அனைத்தும் மஞ்சள் கருவிலேயே. உணவுக் கொலஸ்ட்ராலை முன்போல் கடுமையாக எண்ணவேண்டியதில்லை என்று இன்று பல மருத்துவர்கள் கருதினாலும், ஸ்டென்ட் வைத்தவரின் மனைவிக்கு அது ஆறுதலாகாது.

விடை வீட்டுக்குக் கீழேயே இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் மற்றத் துறைகளில் படகிறக்க முடியாதபோதும், பாறைகள் காக்கும் விழிஞ்ஞம் துறை ஓய்வதில்லை. சூரையும் நெத்தோலியும் அங்கே வந்து குவியும். அம்மையார் சூரைத் துண்டு ஒன்றை மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்தார். நான்கு முட்டைக்கு ஒரு மஞ்சள் கருவை மட்டும் ஒட்டுக்காக வைத்துக்கொண்டு, எஞ்சிய குழிகளையெல்லாம் சூரையால் நிறைத்தார். “நல்ல காரியம் செஞ்ச மக்ளே” என்று மாடிப்பெண்ணின் தலையைத் தடவினார்.

அப்போதுதான் பண்டத்தின் பெயர் அவருக்குக் கைகொடுத்தது. ‘முட்ட நிறச்சது’ என்ற பெயரில் தீயே இல்லை. எண்ணெயா, காற்றா, மணலா என்று அது சொல்வதில்லை. உள்ளே ஏதோ வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மஞ்சள் கரு போய்ச் சூரை வந்தாலும் அது அதே பெயரில் இருக்கும். வாணலி போய்க் கூடை வந்தாலும் இருக்கும்.

அன்று மாலை தட்டு வந்தது. “பொரிச்சதா?”

“நெறச்சது” என்றார் அம்மையார்.

அவர் ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். உள்ளே சூரை. ஒரு சொல்லும் பேசாமல் மூன்று பாதிகளை உண்டார், திண்ணைக்குப் போகவில்லை.

மீனுக்கு அந்த வசதி இல்லை. அதன் பெயரில் தீ வந்தே தீரும். அடுத்த வெள்ளிக்கிழமை அயிலைத் துண்டுகள் அதே கூடையில் மசாலா தடவி இறங்கின. பழைய வினா வந்தது. அம்மையார் இம்முறை மழுப்பவில்லை. கருவியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, கூடையை உருவிக் காட்டி, அடியில் எண்ணெய் இல்லாததைக் காட்டி, உள்ளே காற்று சுற்றுவதைச் சொன்னார். கணவர் கூடையைத் திருப்பிப் பார்த்தார். விசிறி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

“அப்ப சுட்டதுண்ணு சொல்லணும்” என்றார். தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.