எந்த ரங்கராஜன், எந்த ஔவை?

எஸ். ரங்கராஜன் கதை எழுத வந்தபோது குமுதம் இதழில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தார். அவர் ரா. கி. ரங்கராஜன். வாசகர்கள் குழம்பக் கூடாதென்று புதியவர் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். தமிழுக்கு சுஜாதா கிடைத்தது இப்படித்தான். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அவர்களைத் தனித்தனியே அடையாளம் காட்டுவது நூலகப் பட்டியலாளரின் அன்றாட வேலை. அதை இங்கே எழுத்தாளரே முன்கூட்டிச் செய்துவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல் தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. சுஜாதா என்பது ஏராளமான பெண்களின் பெயர். ரா. கி. ரங்கராஜனோ சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி என்று பல பெயர்களில் எழுதிக் குவித்தவர். நூலகத்தின் கணினியில் ‘ரங்கராஜன்’ என்று தட்டும் வாசகருக்கு இவர்களில் யார் வேண்டும்? ‘மாலதி’ என்று தட்டுபவருக்கு ரா. கி. ர.வைக் காட்ட வேண்டுமா, கூடாதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்கும் இடத்தை நூலகத் துறையில் அதாரிட்டி ஃபைல் என்பார்கள். புத்தகங்களின் பட்டியல் வேறு, இது வேறு. இதில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதிவு உண்டு. அவரை எந்தப் பெயரால் அழைப்பது, அவருடைய மற்றப் பெயர்கள் எவை, அதற்கெல்லாம் சான்று என்ன என்பதை அந்தப் பதிவு சொல்லும். உலகில் அதிகம் பயன்படும் கோப்புகளில் ஒன்று அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்துவது. 1977இல் தொடங்கிய நாக்கோ என்ற கூட்டுத் திட்டத்தின் வழியே பல நூலகங்களின் பட்டியலாளர்கள் அதில் பதிவுகளைச் சேர்க்கிறார்கள், திருத்துகிறார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962இல் புதுதில்லியில் ஓர் அலுவலகம் திறந்தது. அதன் வழியாகத் தமிழ் நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்குப் போவதால் தமிழ் எழுத்தாளர்களின் பெயர்களும் அந்தக் கோப்பில் ஏறுகின்றன.

ஒரு பதிவைத் திறந்தால் எண்ணிட்ட புலங்கள் வரிசையாக நிற்கும். 100 என்ற புலத்தில் ஏற்றுக்கொண்ட பெயர்: புதுமைப்பித்தன், 1906-1948. 400இல் மாற்றுப் பெயர்: விருத்தாசலம், சொ. இந்த இயற்பெயரில் தேடுபவரை 400 கையைப் பிடித்து 100க்கு அழைத்துவந்துவிடும். 500 வேறு வகை. சுந்தர ராமசாமி கதையும் நாவலும் தம் பெயரில் எழுதினார், கவிதைக்குப் பசுவய்யா ஆனார். இப்படி ஒருவரே இரு பெயர்களில் தனித்தனியாக நூல் வெளியிட்டிருந்தால் இரண்டுக்கும் தனிப் பதிவு போட்டு, 500 மூலம் ஒன்றையொன்று சுட்டவைப்பது விதி. ‘நடுநிசி நாய்கள்’ தொகுப்பைத் தேடி வந்தவர் பசுவய்யாவிடமே நிற்கலாம், விரும்பினால் சு.ரா.விடமும் போகலாம்.

தமிழ்ப் பெயர்களுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது ஊரும் தகப்பனாரும். உ.வே. சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், அப்புறம்தான் அவர். ஆகவே பதிவு ‘சாமிநாதையர், உ. வே.’ என்று தொடங்கும். அதை ரோமன் எழுத்தில் மாற்றும்போது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பின்பற்றும் முறை, ச எங்கே வந்தாலும் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தையே போடச் சொல்கிறது. ‘எஸ்’ போட்டுத் தேடுகிறவருக்கு உ.வே.சா. கிடைக்க வேண்டுமானால் யாராவது ஒரு பட்டியலாளர் அந்த வடிவத்தையும் 400இல் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் நூல் அலமாரியில் இருந்தும் இல்லாத கணக்குதான்.

இத்தனை புலங்களில் எது முக்கியம் என்று இந்த வேலையில் ஊறிய எவரைக் கேட்டாலும் 670 என்பார். அதுதான் சான்றுப் புலம். எந்த நூலில், எந்தப் பக்கத்தில், என்ன இருந்தது என்று அதில் எழுத வேண்டும். ‘க. சுப்பிரமணியன்’ என்ற பெயரில் ஒரு கவிதைத் தொகுப்பும் ஒரு மண்வளப் பாடநூலும் வருவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரா? பட்டியலாளர் தலைப்புப் பக்கத்தோடு நிற்பதில்லை. முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னட்டையில் வேலையும் பிறந்த ஆண்டும் இருக்கலாம். பல சமயம் கைகொடுப்பது காணிக்கைப் பக்கம். ‘என் தந்தை கந்தசாமிக்கு’ என்று ஒரு வரி இருந்தால் போதும், ‘க.’ விரிந்துவிடும். மற்ற நூலில் அதே ‘க.’ கருப்பையா என்று தெரிந்தால் ஆள் வேறு. இப்படிக் கண்டதை அப்படியே 670இல் எழுதிவைத்தால், இருபது ஆண்டு கழித்து வரும் இன்னொருவர் அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்க முடியும். சான்று இல்லாமல் சேர்த்த ஒரு பிறந்த ஆண்டு, சரியாகவே இருந்தாலும், அடுத்தவருக்குப் பயன்படாது.

காலத்தால் விலகியவர்கள் பெயரால் ஒட்டிக்கொள்வது இன்னும் கடினமான வழக்கு. அதியமானின் நட்பைப் பெற்ற, புறநானூற்றில் பாடிய ஔவையார் ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்தவர் பல நூற்றாண்டு பிந்தியவர். நக்கீரர் என்ற பெயரும் அப்படியே. நெடுநல்வாடை பாடியவரும் பதினோராம் திருமுறையில் இடம்பெற்ற நக்கீரதேவ நாயனாரும் ஒருவரே என்று ஆராய்ச்சியாளர்கள் எளிதில் ஒப்ப மாட்டார்கள். மக்கள் மனத்தில் ஔவை ஒருத்திதான். மக்கள் நினைவுக்கு அது பொருந்தும், பட்டியலுக்குப் பொருந்தாது. சங்கப் பாடலைத் தேடும் மாணவர் ஆத்திசூடியின் குழந்தைப் பதிப்புகளுக்குள் மூழ்கிப்போவார்.

பிரித்தறிய வழியில்லாத பலரை ஒரே பதிவில் அடைத்துவைக்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. பதிவின் 008 புலத்தில், 32ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து அதைச் சொல்லும். ஆங்கில எழுத்து ‘ஏ’ இருந்தால் ஒருவர், ‘பி’ இருந்தால் பலர். இன்று இவ்வகைப் பதிவுகளை உடைத்து ஆளுக்கொன்றாக்குகிறார்கள். ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்து, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினாலும் பழைய பதிவை அவருக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பதிவின் எண் ஏற்கெனவே பலரைக் குறித்துவிட்டது. அதனால் அவருக்கும் புதுப் பதிவு போட்டு, 667 புலத்தில் பழைய எண்ணைக் குறித்து, பழையதை நீக்கச் சொல்வார்கள். கண்டிப்பான இந்த விதி நியாயமானது.

ஏனென்றால் தவறாகப் பிரித்ததைச் சேர்ப்பது சுலபம், தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது பெரும்பாடு. இரண்டு பதிவுகளை இணைத்த கணத்திலிருந்து இருவர் நூல்களும் ஒரே எண்ணின் கீழ் போய்விடும். எது யாருடையது என்று மறுபடி நூல் நூலாகப் பார்க்க வேண்டும். அதற்குள் பிழை ஊரெல்லாம் பரவியிருக்கும். வயாஃப் என்ற பன்னாட்டுக் கோப்பு 2012 முதல் ஓசிஎல்சி நிறுவனத்தின் சேவையாக இயங்குகிறது. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பதிவுகளைக் கணினியே ஒப்பிட்டு அதில் கொத்துக் கொத்தாகச் சேர்க்கிறது. மூலப் பதிவில் இருக்கும் பிழை அங்கேயும் வரும், அங்கிருந்து மற்றவற்றுக்கும் போகும். விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆனால் அங்கே ‘இவர் அவர் அல்லர்’ என்று அறிவிக்கவும் ஒரு பண்பு உண்டு. அதன் எண் பி1889. இணைக்கத் துடிக்கும் கைகளை நிறுத்தும் அந்த ஒரு வரி, நூறு புதுப் பதிவுகளைவிட மேலானது.

ஊகத்தால் நிரப்பக் கூடாத புலங்களும் உண்டு. 375 என்ற புலம் பாலினத்துக்கென்று இருந்தது. பெயரைப் பார்த்து நிரப்பினால் சுஜாதா பெண்ணாகிவிடுவார். நாக்கோவை நடத்தும் கூட்டமைப்பு 2022இல் ஆளுமைப் பதிவுகளில் பாலினத்தைக் குறிக்கவே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பெயரை வைத்து ஊகிப்பதில் வரும் பிழை ஒருபுறம், உயிரோடிருப்பவரின் தனிப்பட்ட செய்தியை அவரைக் கேளாமல் உலகெங்கும் பரப்புவது மறுபுறம். நல்ல முடிவு.

இந்த வேலையில் பாதியைப் பதிப்பாளர்களே குறைத்துவிட முடியும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஆசிரியரின் தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பிறந்த ஆண்டும், வேறு புனைபெயர்கள் இருந்தால் அவையும் சேரட்டும். மறுபதிப்பில் முதற்பதிப்பின் ஆண்டை விட்டுவிடாதீர்கள். வாசகர்களும் ஒரு நூலகப் பட்டியலில் ஒருவர் நூல் இன்னொருவர் பெயரில் நிற்பதைக் கண்டால், சான்றுள்ள பக்கத்தைப் படம் எடுத்து அந்த நூலகத்துக்கு அனுப்புங்கள். பட்டியலாளருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான்.