கல்லை உடைக்கத் தெரிந்த ஊர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். ஊர் வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். சாலையோரப் பட்டறைகளில் உளி விழும் 'டக் டக்' சத்தம் கேட்கும். அதை அமுக்கிக்கொண்டு கிரைண்டரின் கிறீச்சல் எழும். பாதி முகம் வந்த பிள்ளையார், இடுப்புவரை வந்த நந்தி, இன்னும் கல்லாகவே நிற்கும் கல் என்று வரிசையாகக் காத்திருக்கும்.

இங்கே வருகிறவர்கள் செதுக்கி முடித்ததைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய்ப் பந்தின் கீழே கையைத் தூக்கி ஒரு போட்டோ. அதில் தவறில்லை. ஆனால் உடைந்ததையும், உடைக்க ஆரம்பித்து விட்டுவிட்டதையும் தேடிப் பார்த்தால் இந்த ஊர் வேறு மாதிரி தெரியும். கல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை 1300 ஆண்டுகளுக்கு முன்பே கையால் கற்றுக்கொண்டவர்களின் பாடப் புத்தகம் திறந்தவெளியில் கிடக்கிறது.

முதலில் அர்ச்சுனன் தபசு. அதில் தவம் செய்வது அர்ச்சுனனா, பகீரதனா என்ற சண்டை இன்னும் தீரவில்லை, அது கிடக்கட்டும். சிற்பத் தொகுதியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடுகிறதே, அது யாரும் செதுக்கியது இல்லை. பாறையிலேயே இருந்த வெடிப்பு. வேறொரு சிற்பி என்றால் வெடித்த பாறை ஆகாது என்று அடுத்த பாறைக்குப் போயிருப்பார். பல்லவச் சிற்பிகள் அந்த வெடிப்பையே கங்கையாக்கிவிட்டார்கள். அதில் நாகர்கள் நீந்தி மேலே வருகிறார்கள். இரு கரையிலும் யானைகளும் தேவர்களும் முனிவர்களும் அந்த ஆற்றை நோக்கி நிற்கிறார்கள். உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளமும் உண்டு. விழா நாட்களில் உண்மையாகவே தண்ணீர் வழிந்திருக்கலாம். பாறையின் குறையை மறைக்காமல் அதையே கதையின் நடுவில் வைத்த துணிச்சல், அதற்கு எதிரே நின்று பார்க்கும்போதுதான் புரியும்.

அங்கிருந்து வடக்கே சில நிமிட நடையில் கிருஷ்ணரின் வெண்ணெய்ப் பந்து. 250 டன் என்று மதிப்பிடப்படும் உருண்டைப் பாறை, சரிவில் இப்போதோ அப்போதோ என்று நிற்கிறது. 1908இல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். மாயம் எதுவும் இல்லை. பாறையின் எடை முழுவதும் அதன் அடியில் உள்ள தட்டையான பகுதியின் மேலேயே இறங்குகிறது. சரிவு இழுப்பதைவிட உராய்வு பிடித்து நிறுத்துவது அதிகம். அந்த உருண்டை வடிவமும் உளி செய்ததல்ல. பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை, மேலே மூடியிருந்தவை அரித்துப்போனபின் மெல்ல விரிகிறது. விரியும்போது வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகப் பிரிகிறது. மூலைகளை வெயிலும் மழையும் பல பக்கத்திலிருந்தும் தாக்குவதால் அவை முதலில் போய்விடும், மிஞ்சுவது உருண்டை.

பந்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல் சுற்றியிருக்கும் பாறைகளையும் பார்ப்பது நல்லது. மலையில் பல பாறைகளில் நேர்க்கோட்டில் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டியிருக்கும். சில பாறைகள் அந்தக் கோட்டிலேயே கத்தியால் வெட்டிய கேக் மாதிரி இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன. சிலவற்றில் குழிகள் மட்டும் இருக்கின்றன, பாறை பிளக்கவில்லை. எல்லாம் பல்லவர் காலத்தவை அல்ல, பிற்காலத்தில் கல் எடுத்தவர்கள் போட்டதும் உண்டு என்று கருதுகிறார்கள். வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்றே: குழியில் காய்ந்த மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றினால், மரம் ஊறி உப்பிப் பாறையைப் பிளந்துவிடும். ஊறும் மரத்துக்கு அந்த அளவு பலம் உண்டுதான். ஆனால் இன்றும் கல் உடைப்பவர்கள் கையில் இருப்பது இரும்பு ஆப்பு. வேலை சீக்கிரம் முடியும்.

இத்தனை பெரிய பாறை எப்படி இத்தனை சிறிய ஆப்புக்கு விட்டுக்கொடுக்கிறது? கல்லை அழுத்தலாம், இழுக்கலாம் என்று இரண்டு வழி உண்டு. அழுத்தினால் அது மலை. நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு டன்னுக்கு மேல் சுமை தாங்கும். உடையும் தறுவாயில்கூட ஒரு மீட்டர் கல் சில மில்லிமீட்டர்தான் குறுகியிருக்கும். அதே கல்லை இரண்டு பக்கமும் இழுத்தால் கதை மாறிவிடும். அழுத்தத்தில் காட்டிய பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது. மீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் நீள்வதற்குள் உடைந்துவிடும். இரும்புக் கம்பி உடையும் முன் வளையும், நெளியும், ஆபத்து என்று சொல்லும். கல் அந்த மரியாதை எல்லாம் தராது.

குழியில் இறங்கும் ஆப்பு பாறையை அழுத்துவதுபோலத் தோன்றும். உண்மையில் அது இரு பக்கமும் தள்ளிக் கல்லை இழுக்கிறது. ஒரு முறைக்கு ஒரு தட்டு என்று வரிசையில் எல்லா ஆப்புகளையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். மறுபடி முதலிலிருந்து. தட்டத் தட்டச் சத்தம் மாறும். அனுபவசாலி அதைக் கேட்டுக்கொண்டே அடிப்பார். சில சமயம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பார்ப்பவருக்கு ஓய்வு மாதிரி இருக்கும்; உள்ளே வெடிப்பு ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடந்துகொண்டிருக்கும்.

வெடிப்பின் நுனியில்தான் சூட்சுமம். கல் முழுவதும் பரவ வேண்டிய இழுப்பு, வெடிப்பு இருந்தால் அதன் கூரான நுனியில் வந்து குவிந்துவிடுகிறது. பெரிய கல் முழுவதும் பலமாக இருந்தாலும், அந்த நுனியில் உள்ள மயிரிழை அளவு இடம் தோற்றால் போதும். 1921இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை உடைத்துப் பார்த்து இதற்குக் கணக்கு எழுதினார். விமானத்தின் பாகங்கள் முதல் கப்பலின் உடல்வரை இன்றும் அந்தக் கணக்கின் வாரிசுகளை வைத்தே பார்க்கிறார்கள். மாமல்லபுரத்தில் குழி வரிசை போட்டவருக்குக் கணக்கு தெரியாது. ஆனால் எங்கே வெடிப்பு தொடங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று பாறைக்கு உத்தரவு போடத் தெரிந்திருக்கிறது.

மலைமேல் முடிக்காமல் விட்ட குடைவரைகளில் இன்னொரு உத்தியைக் காணலாம். குடைய வேண்டிய பாறைமுகத்தில் கட்டம் கட்டமாக ஆழமான கோடுகள் இழுத்திருக்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே சதுரச் சதுரமாகக் கல் முட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, கடலை மிட்டாயைத் துண்டு போட்டதுபோல. நாலு பக்கமும் விடுபட்டு அடியில் மட்டும் ஒட்டியிருக்கும் முட்டைப் பக்கவாட்டில் தட்டினால், வேரோடு பெயர்ந்து வரும். நேராக மோதினால் கல்லின் பலத்தோடு மோத வேண்டும். பக்கவாட்டில் தட்டினால் அதன் பலவீனத்தோடு மோதினால் போதும். இப்படி ஒரு அடுக்கு போனதும் மறுபடி கட்டம், மறுபடி தட்டல். முடித்த மண்டபங்களில் இந்தத் தடயம் அழிந்துவிட்டது. முடிக்காதவைதான் வேலையைக் காட்டிக்கொடுக்கின்றன.

முடித்தவற்றில் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் தூண்களைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியதுபோல் இருப்பது போதிகை. கட்டுமானக் கோயிலில் அதற்குப் பெரிய வேலை உண்டு. இரண்டு தூணுக்கு நடுவே வைத்த கல் உத்தரம் தன் எடையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் வளையும். வளையும்போது மேல்பக்கம் நெருங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு இழுப்பு ஆகாதே. அடியில்தான் வெடிப்பு பிறக்கும். போதிகை இருபுறமும் நீண்டு நின்று அந்த இடைவெளியைக் குறைக்கிறது. நம் பெரிய கோயில்களில் ஆயிரங்கால் மண்டபம் என்று தூண்களாக நெருக்கியிருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. கல்லை வைத்துக் கட்டினால் தூணைத் தள்ளி வைக்க முடியாது.

ஆனால் குடைவரையில் தூண், போதிகை, உத்தரம், கூரை எல்லாம் ஒரே பாறை. வைத்துக் கட்டியது எதுவும் இல்லை. மரத்தில் கட்டிப் பழகிய வடிவத்தை அப்படியே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். வேலை இல்லாத போதிகை, வேலை இருப்பதுபோல் நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். பழக்கத்தைக் கைவிட அடுத்த தலைமுறைகளுக்கும் மனம் வரவில்லை.

தெற்கே ஐந்து ரதங்களில் பீம ரதத்தின் கூரை நேர்த்தியாக முடிந்திருக்கும், கீழே வேலை அரைகுறை. பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். மேலே அடிக்கும் அடியைக் கீழே உள்ள முழுப்பாறை தாங்கிக்கொள்ளும். சாரமும் குறைவாகப் போதும். கீழே மெலிந்த தூண்களைச் செதுக்கிவிட்டு மேலே ஏறி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ரதங்களைப் பார்க்கக் காலையில் போவது உத்தமம். மதியத்தில் அந்த மணலும் பாறையும் சேர்ந்து வறுத்துவிடும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயில்தான் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. அங்கே எதிரி எடை அல்ல, உப்பு. கடல் காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைக்குள் போய்க் காய்ந்து படிகமாகிறது. படிகம் வளர இடம் தேடி உள்ளிருந்தே கல்லைத் தள்ளுகிறது. குழியில் அடித்த ஆப்பு செய்த அதே வேலை, கண்ணுக்குத் தெரியாத அளவில், தினமும். முகம் தேய்ந்து கண் மூக்கு தெரியாமல் போன சிற்பங்கள் அங்கே ஏராளம். அலையைத் தடுக்கக் கற்கள் கொட்டியதும், காற்றை மறிக்கச் சவுக்கு நட்டதும் இதற்காகத்தான். இது நிறுத்தும் போர் அல்ல, தாமதப்படுத்தும் போர்.

பட்டறைகளுக்குத் திரும்பலாம். நல்ல சிற்பி கல்லை வாங்கும்முன் தட்டிப் பார்ப்பார். கண்டாமணிபோல் ஒலித்தால் ஆண் கல், தாளம்போல் மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஒலியே இல்லாமல் மொத்தென்றால் அது சிலைக்கு ஆகாது என்பது சிற்ப மரபு. பெயர்கள் எப்படியோ, சோதனை சரியானது. உள்ளே வெடிப்பு இல்லாத கல்லில் அதிர்வு தங்குதடையின்றி ஓடும். வெடிப்பு இருந்தால் அங்கே சிதறி மங்கிவிடும். பானை வாங்கும் பாட்டிகள் சுண்டிப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாதக்கணக்கில் செய்த சிலை கடைசி வாரத்தில் உடைவது இங்கே யாருக்கும் புதிதல்ல. "விரலுக்குப் பக்கத்துல சரிச்சு அடிடா, நேரா அடிச்சா போச்சு" என்று பெரியவர்கள் பையன்களை அதட்டுவதற்கு அர்த்தம் உண்டு. உடம்போடு ஒட்டியிருக்கும் கை பிழைக்கும்; வெளியே நீட்டிய கை, தூக்கிய கால், மெலிந்த வேல் எல்லாம் ஒரு முனையில் மட்டும் பிடித்த உத்தரங்கள். அடியின் அதிர்ச்சி அவற்றின் வேரில் இழுப்பாகச் சேரும். கல் சிற்பத்தில் கைக்கும் இடுப்புக்கும் நடுவே, காலுக்கும் காலுக்கும் நடுவே கல்லை விட்டுவைப்பது இதனால்தான். வெண்கல நடராஜர் தூக்கி நிற்கும் காலை அதே மெலிவில் கல்லில் தனியாக நிறுத்தச் சொன்னால் எந்த ஸ்தபதியும் தயங்குவார்.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரி. பேருக்குக் குறைவில்லை. ஆனால் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் சட்டை வெளுத்துவிடும். உளி கல்லைச் சில்லாக உடைக்கிறது. சில்லு காலடியில் விழுகிறது. கிரைண்டர் கல்லைத் தூளாக்குகிறது; தூள் காற்றில் மிதக்கிறது. கருங்கல்லில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்தால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு இன்றுவரை முழுமையான குணம் கிடையாது. உளி மட்டும் இருந்த காலத்திலும் இருமல் இருந்தது. இப்போது தூள் பல மடங்கு. கல்லை நனைத்துக்கொண்டே அறுத்தால் தூள் வெகுவாக அடங்கும், பொருத்தமான முகக்கவசமும் காக்கும். பல இடங்களில் மூக்கைச் சுற்றிய துண்டுதான் கவசம். நுண்தூளுக்குத் துண்டு ஒரு தடையே இல்லை.

பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது. கை உடைந்த அம்மனை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் உடைந்த கல் பட்டறைப் பின்புறத்துக்குப் போகிறது. வெடிப்பு எதுவரை ஓடியிருக்கிறது என்று தட்டிக் கேட்டுப் பார்த்து, நல்ல பாகத்தை அறுத்து எடுத்து, சின்னப் பிள்ளையாராகவோ விளக்காகவோ மாற்றுகிறார்கள். அதற்கும் தேறாதது அம்மியாகி, கடை வாசலில் மற்ற அம்மிகளோடு வரிசையில் உட்காருகிறது. விலை கேட்டால் முதலில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.