காரின் மூக்கில் தொங்கும் பிளக்: வின்னிபெக் நகரில் புது கார் வாங்குவது எப்படி?

கனடாவின் வின்னிபெக் நகருக்கு முதல்முறை போகிறவர்களின் கண்ணில் சட்டென்று படும் காட்சி ஒன்று உண்டு. நிறுத்தியிருக்கும் கார்களின் முன்பக்கத்தில் ஒரு சின்ன ஒயரும் பிளக்கும் வெளியே தொங்கும். எலெக்ட்ரிக் கார் என்று நினைத்துவிட வேண்டாம், சாதாரண பெட்ரோல் கார்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகள், அலுவலகங்கள் எனப் பல இடங்களில் காரை நிறுத்தும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும். இரவில் நாம் செல்போனைச் சார்ஜில் போடுவதுபோல, அங்கே காரை பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

ரெட், அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருக்கும் இந்த ஊர், மானிடோபா மாகாணத்தின் தலைநகர். ஜனவரி மாத இரவுகளில் குளிர் சராசரியாக மைனஸ் 20 டிகிரியைத் தாண்டிவிடும். 1879-ம் வருடம் டிசம்பர் 24 அன்று பதிவான மைனஸ் 47.8 டிகிரிதான் ஊரின் ரெக்கார்டு. 'வின்டர்பெக்' என்ற செல்லப்பெயர் சும்மா வரவில்லை. உறைந்துபோன ஆற்றின் மேல் பாதை போட்டு மக்கள் ஸ்கேட்டிங் போகிறார்கள்.

படிக்கவும் வேலைக்கும் கனடா போயிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர், அங்கேதான் வாழ்க்கையின் முதல் காரை வாங்குகிறார்கள். ஷோரூமில் கண்ணைப் பறிப்பது கலரும் பெரிய டச் ஸ்க்ரீனும்தான். ஆனால் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. காலையில் ஸ்டார்ட் ஆகுமா? பனியில் நிற்குமா? வழியில் சிக்கினால் உயிரோடு வீடு திரும்ப முடியுமா?

ஸ்டார்ட் ஆக வேண்டும்

கடும் குளிரில் என்ஜின் ஆயில் தேன்போலக் கெட்டியாகிவிடும். அதைச் சுழற்ற பேட்டரிக்கு அதிக சக்தி தேவை. ஆனால் அதே குளிரில் பேட்டரியின் சக்தியும் பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் கார் முரண்டு பிடிக்கிறது.

இதற்கான தீர்வுதான் அந்த பிளக். உள்ளே இருப்பதன் பெயர் 'பிளாக் ஹீட்டர்'. வாளியில் வெந்நீர் போட நாம் வைக்கும் ஹீட்டரைப் போலத்தான் இதுவும். என்ஜினைச் சுற்றியிருக்கும் கூலன்ட்டைச் சூடாக்கும். பெரும்பாலும் 400 முதல் 1000 வாட் வரை மின்சாரம் இழுக்கும். இரவு முழுக்க ஓட வேண்டியதில்லை, கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு ஓடினால் போதும். அதற்காக டைமர் வைத்துக்கொள்கிறார்கள். இதன் ஆரம்ப வடிவம் ஒன்றுக்கு 1949-ல் காப்புரிமை வாங்கிய ஆண்ட்ரூ ஃப்ரீமேன், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்தவர். அங்கேயும் இதே குளிர்தான்.

வீட்டுக்குள் இருந்தபடியே காரை ஸ்டார்ட் செய்யும் 'ரிமோட் ஸ்டார்ட்டர்', சூடாகும் சீட், சூடாகும் ஸ்டீயரிங் ஆகியவையும் அங்கே ஆடம்பரப் பட்டியலில் வருவதில்லை. ஒரு எச்சரிக்கை: மூடிய கராஜுக்குள் ரிமோட்டில் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வீட்டுக்குள் புகுந்தால் உயிரையே எடுத்துவிடும்.

நிற்க வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் பலரும் நினைப்பது, 'நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் எஸ்.யு.வி வாங்கிவிட்டால் பனியைப் பற்றிக் கவலை இல்லை' என்று. அது பாதி உண்மைதான். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் போட்டால் நிறுத்துவது டயரின் வேலை.

சாதாரண டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழே போகப் போக இறுகி, பிடிமானத்தை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பர் மைனஸிலும் மிருதுவாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் அச்சிட்டிருந்தால் அது பனிக்கான சோதனையில் தேறிய டயர். நான்கு சக்கரங்களுக்கும் மாட்ட வேண்டும். இரண்டுக்கு மட்டும் மாட்டினால் வளைவில் வண்டி சுழன்றுவிடும் ஆபத்து உண்டு.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் சட்டப்படி கட்டாயம். மானிடோபாவில் கட்டாயம் இல்லை. ஆனால், அங்குள்ள அரசு வாகனக் காப்பீட்டு நிறுவனமான மானிடோபா பப்ளிக் இன்ஷூரன்ஸ், குளிர்கால டயர் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் ஏற்பாடு செய்திருக்கிறது. பட்ஜெட் இடிக்கிறதா? பெரிய எஸ்.யு.வி-யை விட்டுவிட்டு, ஒரு சின்ன காரும் நான்கு நல்ல குளிர்கால டயர்களும் வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொரு வேடிக்கை. மைனஸ் 35-ல் இரவெல்லாம் நின்ற காரின் டயர், தரையில் பட்ட இடத்தில் தட்டையாகி உறைந்துவிடும். காலையில் முதல் சில நிமிடங்கள் 'டக்டக்' என்று மாட்டுவண்டி போலக் குதித்துக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் இதைச் 'சதுர டயர்' என்பார்கள். ஓடி ஓடிச் சூடானதும் சரியாகிவிடும்.

வீடு திரும்ப வேண்டும்

ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. காற்று பனியை வாரி அடித்தால் முன்னால் போகும் வண்டிகூடத் தெரியாது. அதனால் டிக்கியில் கம்பளி, சின்ன மண்வாரி, டார்ச், ஜம்பர் கேபிள், கொஞ்சம் மணல், சாப்பிட ஏதாவது எப்போதும் இருக்கும். கண்ணாடி கழுவும் திரவமும் மைனஸ் 40 வரை உறையாத ரகம்தான்.

பனியில் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. சைலன்ஸர் வாயை அடைத்திருக்கும் பனியை முதலில் அகற்ற வேண்டும். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓடவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, உதவிக்குக் காத்திருக்க வேண்டும்.

கைக்குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தடிமனான குளிர் கோட்டு போட்டபடி குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டக் கூடாது. இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். விபத்து நேர்ந்தால் கோட்டு நசுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு பெல்ட்டை மாட்டி, மேலே போர்வையைப் போர்த்துவதுதான் பாதுகாப்பு.

உங்கள் மகனோ மகளோ அங்கே கார் வாங்கப் போவதாகப் போனில் சொன்னால், என்ன கலர் என்று கேட்பதற்கு முன் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா, குளிர்கால டயரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாயா என்று கேளுங்கள். டயரை அக்டோபரிலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். முதல் பனி விழுந்துவிட்டால் டயர் கடைகளில் கூட்டம் அலைமோதும்.