தூர் காய்வதற்குள் பிளக்க வேண்டும்

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் போகும் சாலையில் பங்குனி வெயிலிலும் இரண்டு பக்கமும் பச்சை தெரியும். வெளியூர்க்காரர் பார்த்தால் வளமான பூமி என்று நினைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், அது சீமைக்கருவேல். ஒரு காலத்தில் நெல்லும் மிளகாயும் விளைந்த பட்டா நிலங்கள் பலவும் அந்தப் பச்சைக்குள்தான் மறைந்து கிடக்கின்றன. ஆங்காங்கே கரிமூட்டத்துப் புகை. சாலையோரத்தில் லாரிக்குக் காத்திருக்கும் விறகு அடுக்குகள். விடியற்காலையிலேயே கோடாலிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

1870-களில் சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த மரம் இது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை இன்றும் குறைவில்லாமல் செய்கிறது. ஆனால், கேட்காத நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது.

முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பல வருடம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவர் இல்லாத காலத்தில் நிலம் முழுக்கக் கருவேல். இரண்டு முறை கரி போடுபவர்களுக்கு வெட்டக் கொடுத்தார். அவர்கள் தரைக்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மழையில் ஒரு தூரிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பின. வெட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடக் காடு அடர்த்தியாகிவிட்டது.

தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் இந்த மரத்தின் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அவை துளிர்க்கும். ஓர் அடி ஆழத்துக்காவது தோண்டி, தூரோடு எடுத்தால்தான் நிலம் திரும்பக் கிடைக்கும்.

இந்த முறை அவர் ஜேசிபி வைத்தார். இரண்டு நாளில் இரண்டு ஏக்கரில் இருந்த தூர்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. மகிழ்ச்சியோடு விறகு பிளக்கும் தம்பதியை வரச்சொன்னார். அறுபதைத் தாண்டிய பெரியவர் வந்து நிலத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, எல்லாத்தையும் ஒரே மூச்சுல பறிச்சுப் போட்டுட்டீங்க? நாங்க ரெண்டு பேரு. இந்த வெயில்ல காஞ்சு போச்சுன்னா கோடாலி எகிறும். அப்புறம் எந்தக் கொம்பனாலயும் பொளக்க முடியாது."

விவசாயிக்கு முகம் வாடிவிட்டது. ஜேசிபி வாடகையைத் தூர் விற்ற பணத்தில் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. தூர்க்கட்டை கனமாக இருப்பதால் கரி போடுபவர்கள் விரும்பி வாங்குவார்கள். ஆனால் முழுத் தூரை மூட்டத்தில் அடுக்க முடியாது. பிளந்தால்தான் காசு. பிளக்காவிட்டால் அது வயலை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

மரத்துக்கு மரம் வேறு

பச்சையாகப் பிளப்பதா, காயவிட்டுப் பிளப்பதா என்பது மரத்தைப் பொறுத்தது. கடலோர மணலில் வளரும் சவுக்கு நேரான மரம். ஒரு காலத்தில் ரயில் என்ஜின்களுக்கு எரிபொருளாகவே கிழக்குக் கரையில் சவுக்குத் தோப்பு போட்டார்கள். வெட்டிய புதிதில் நுனியில் ஓர் அடி விழுந்தால் அடிவரை பிளந்துகொள்ளும். காய்ந்தால் அதுவும் இறுகிவிடும். தைலமரமும் அப்படியே. காயக் காய முறுக்கிக்கொள்ளும் என்பதால் வெட்டியவுடன் பிளப்பது நல்லது.

வேம்பின் நார் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். கவைப் பகுதியை விட்டுவிட்டு, கணு இல்லாத நேர்க்கட்டையாக முதலில் துண்டு போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. புளி அதைவிடப் பிடிவாதமானது. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் புளியை வைப்பதே அது எளிதில் பிளக்காது என்பதால்தான். புளியைக் கோடாலியால் மட்டும் பிளக்க நினைத்தால் தோள்தான் வலிக்கும். இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும்.

பனை தனி ரகம். அதற்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. குறுக்கே எவ்வளவு வெட்டினாலும் சிம்பு சிம்பாகத்தான் வரும். நுனியில் ஆப்பு வைத்து நீளவாக்கில் திறக்க வேண்டும். கருப்பு நார் கையில் ஏறினால் எடுப்பது கடினம். தானாகச் சாய்ந்த பனையைப் பிளக்கலாம். நிற்கும் பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீமைக்கருவேலின் தண்டு பச்சையிலேயே பிளக்கும், பச்சையிலேயே ஓரளவு எரியவும் செய்யும். தூர்தான் சிக்கல். வேர்கள் நாலா பக்கமும் திரும்புவதால் நாரும் நாலா பக்கமும் ஓடும். ஈரம் இருக்கும்வரைதான் அது ஆப்புக்கு வழிவிடும்.

தூரைப் பிளக்கும் முறை

பெரியவர் முதலில் கோடாலியை எடுக்கவில்லை. தூரைத் தலைகீழாகப் புரட்டி, கடப்பாரையால் மண்ணையும் கல்லையும் தட்டிவிட்டார். வேருக்குள் சிக்கிய ஒரு கல் போதும், கோடாலியின் வாய் போய்விடும். பிறகு இரண்டு வேர்களுக்கு நடுவே ஓடும் விரிசலைத் தேடினார். அதில் ஆப்பை வைத்து மெல்லத் தட்டி நிறுத்தி, பிறகு சம்மட்டியால் ஓங்கி அடித்தார். விரிசல் நீண்டதும் அதே வரியில் இரண்டாவது ஆப்பு. முதல் ஆப்பு தானாகத் தளர்ந்தது. நடுவில் அடிக்காமல், ஓரத்திலிருந்து ஒவ்வொரு புடைப்பாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது தலை அளவு நடுக்கட்டை மட்டும். "இதை விட்டுரணும். இதோட மல்லுக்கட்டுற நேரத்துல அடுத்த தூரை முடிச்சுரலாம்" என்றார்.

அவர் மனைவி பிளந்த துண்டுகளைப் பட்டை கீழேயும் பிளந்த முகம் மேலேயுமாக அடுக்கினார். பட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிளந்த முகம் வழியாகத்தான் ஈரம் வெளியேறும். அடுப்புக்கு விறகு பிளப்பதன் காரணமும் இதுதான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கலாம். பிளக்காமல் எரித்தால், தீயின் சூட்டில் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும். வீடு முழுக்கப் புகைதான் மிஞ்சும்.

பாதுகாப்பிலும் இருவரும் கறாராக இருந்தார்கள். காலில் டயர் செருப்பு. கருவேல முள் ஏறினால் உடனே எடுத்துக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வார்கள். ஆப்பின் தலை அடிபட்டுப் பூப்போல விரிந்தால் பட்டறையில் கொடுத்து ராவிக்கொள்வார்கள். விரிந்த இரும்பு தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். கோடாலிக்கு நாட்டுக் கருவேலங் காம்பு. அது ஆடினால் அன்றைய வேலை நிற்கும்.

ஜேசிபியும் கோடாலியும்

அன்று மாலையே ஒரு முடிவு எடுத்தார்கள். வேரில் மண் ஒட்டியிருந்த தூர்களை அப்படியே வேப்பமர நிழலில் குவித்து, கருவேலந் தழையால் மூடி, தண்ணீர் தெளித்தார் விவசாயி. சிறிய தூர்களை முதலில் பிளந்தார்கள். அவைதான் சீக்கிரம் காயும். பெரியவை நிழலில் காத்திருந்தன. மிச்சமுள்ள இரண்டு ஏக்கரில் ஜேசிபியை நிறுத்திவைத்தார்கள். தம்பதி ஒரு வாரத்தில் எவ்வளவு பிளக்க முடியுமோ அவ்வளவை மட்டும் பறிப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லாத் தூரையும் காப்பாற்ற முடியவில்லை. வெயிலில் கிடந்த சில, கல்லாக இறுகிவிட்டன. அவை வரப்போரம் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் முதல் இரண்டு ஏக்கரின் ஜேசிபி வாடகையில் பெரும்பகுதியைத் தூர் விற்ற பணமே கட்டிவிட்டது.

வேலை இத்துடன் முடியவில்லை. ஆடு மாடு தின்று போட்ட விதைகள் மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைக்கும் கன்றுகளை, மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும். ஒரு வருடம் விட்டால் அரிவாள், மூன்று வருடம் விட்டால் மறுபடி ஜேசிபி.

ஆவணியில் உழுது நெல் விதைப்பது, அடுத்து ஒரு பகுதியில் முண்டு மிளகாய் போடுவது என்பது விவசாயியின் திட்டம். மிச்ச நிலத்துத் தூர்களை அடுத்த மாசியில் எடுப்பதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறார்.

"வர்றேன் தம்பி. கை ஓடுற வரைக்கும் வருவேன்" என்றார் பெரியவர். "அதுக்குள்ள நீங்களும் ஆப்பு வைக்கக் கத்துக்கங்க. எங்க பசங்க யாரும் இந்த வேலைக்கு வர மாட்டாங்க."

மறுநாள் காலை அந்த நிலத்தில் மூன்று பேர் நின்றார்கள். சம்மட்டி விவசாயியின் கையில் இருந்தது.