பொலேரோவுக்கு ஒரு கம்பித் தடுப்பு

லாரிக்கு பாடி கட்டுற நாமக்கல் பட்டறைல போய் பொலேரோவுக்கு கம்பித் தடுப்பு கேட்டா மேஸ்திரி சிரிக்கத்தானே செய்வார்? "நாய் வளக்கறீங்களாங்க?" இல்லீங்ணா, நடு சீட்டுல ரெண்டு வாண்டுங்க, அதுக்குப் பின்னாடி 20 கிலோ டூல் பெட்டின்னேன். சிரிப்பு நின்னுடுச்சு.

கணக்கு சிம்பிள் மக்களே. 60 கி.மீ. வேகத்துல மோதி, 0.1 நொடியில எல்லாம் நின்னா, அந்தப் பெட்டியைப் பிடிச்சு நிறுத்த சுமார் 340 கிலோ எடைக்குச் சமமான விசை வேணும். கடையில விக்கிற துணி வலை பந்து பொறுக்கத்தான் ஆகும்.

சதுரக் குழாய்ல சட்டம், நடுவுல வெல்டு மெஷ். "வெறும் தகரத்துல பத்த வெச்சா பிச்சுக்கும்"னு அவரே உள்பக்கம் பிளேட் குடுத்து போல்ட் போட்டார். பெட்டி தரையோட, சீட்டு முதுகை ஒட்டி, ஸ்ட்ராப்புல இறுக்கியாச்சு.

போன ஞாயிறு கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கறப்ப பின்னாடி ஒரு சத்தம் இல்லை. சத்தம் பூரா நடு சீட்டுல, ஜன்னலோரம் யாருக்குன்னு!