கையெழுத்துப் போடும் முன்

மைசூரில் அரசுப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து, பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேசுவது என் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த வேலை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படித் தொடங்கிய கூட்டங்களில் கால் மணி நேரத்துக்குள் பாதிப் பேர் எழுந்து போயிருக்கிறார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு 'உரிமை' கேட்டுக் கேட்டுப் புளித்த சொல். ரூபாய்க் கணக்கு என்றால் உட்காருவார்கள்.

அதனால் தொகையில்தான் ஆரம்பிப்பேன். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு மானியம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அளவுகோல். 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், கரண்ட் பில், தண்ணீர், உடைந்த சாமான்களின் பழுது, கட்டடத்தின் சில்லறை ரிப்பேர் எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு.

140 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் கரும்பலகையில் வகுத்துக் காட்டுவேன். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 357 ரூபாய். 220 வேலை நாட்களுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. "இவ்வளவுதானா?" என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லட்சக்கணக்கில் வருகிறது, யாரோ விழுங்குகிறார்கள் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களின் சந்தேகம் அடங்கும்; இத்தனை குறைவாக ஏன் வருகிறது என்ற நியாயமான கோபம் பிறக்கும். ஆசிரியர் சம்பளம்தான் பெரிய செலவு. அது பள்ளியின் கைக்கு வருவதே இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.

1913இல் மைசூர் சமஸ்தானம் தொடக்கக் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது, அது நடைமுறைக்கு வந்த இடங்களில் பெற்றோரின் கடமை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு அவர்களிடம் வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவை அடுத்து, 2001இல் கர்நாடகம் பள்ளி வளர்ச்சி மற்றும் மேற்பார்வைக் குழுக்களை அமைத்தது. இங்கே எல்லோருக்கும் அது எஸ்.டி.எம்.சி. தலைவர் ஒரு பெற்றோர், செயலாளர் ஹெச்.எம். என்கிற தலைமை ஆசிரியர். 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்கு நாடு தழுவிய பலம் கொடுத்தது. குழுவில் முக்கால் பங்காவது பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்கள் பணி. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்ற பெயரில் தெரிந்ததுதான்.

சட்டத்தில் இருப்பது மேசைக்கு வரும்போது எங்கே தடுக்குகிறது என்பதைப் பார்க்க ஒரு கூட்டம் போதும். வீட்டில் ஊதுபத்தி உருட்டும் ஒரு அம்மா, புதிதாகத் தலைவராகியிருந்தார். ஸ்திரீ சக்தி என்ற மகளிர் சுய உதவிச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பழகியவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். பள்ளியின் பாஸ்புக்கைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"கிராண்ட் வந்திருக்குன்னு ஹெச்.எம். சார் சொல்றாரு. இதுல சைபர்தான் இருக்கு. யாருக்கா எடுத்தாங்க?"

யாரும் எடுக்கவில்லை. 2021க்குப் பிறகு இத்தகைய திட்டங்களின் பணம் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கிறது. பள்ளியின் கணக்கு இருப்பே இல்லாத கணக்கு. பள்ளிக்கு வருவது 'இவ்வளவு வரை செலவு செய்யலாம்' என்ற வரம்பு மட்டும். பில் ஏறும்போது பணம் மேலிருந்து நேராகக் கடைக்காரருக்குப் போகும். மார்ச் 31க்குள் செலவாகாத வரம்பு பள்ளியின் கையை விட்டுப் போய்விடும்.

"சங்கத்துல லோன் சாங்ஷன் ஆகி, இன்னும் எடுக்காம இருக்கிற மாதிரியா?" என்று கேட்டார். அதேதான். இதைவிடத் தெளிவாக நான் எந்த அதிகாரி சொல்லியும் கேட்டதில்லை.

பழைய பாஸ்புக் பழக்கத்தில், சைபரைப் பார்த்துத் திருட்டு என்று கிளம்பிய சண்டைகள் பல. இப்போது பெற்றோர் கேட்கவேண்டியது வேறு காகிதங்கள்: எவ்வளவு வரம்பு வந்தது என்ற உத்தரவு, பில்கள், வாங்கிய பொருளைப் பதிந்த ஸ்டாக் ரிஜிஸ்டர். பில்லில் ஆறு ஃபேன் என்றால் எழுந்து போய் ஆறையும் எண்ணிவிட்டு வரச் சொல்வேன்.

பெரிய தடை தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கையெழுத்துகளை முதலில் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதுவது பல இடங்களில் ஊறிப்போன பழக்கம். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எழுதியதை உரக்கப் படிக்கவேண்டும். கன்னடம் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்குத் தமிழிலோ உருதிலோ சொல்லவேண்டும். கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதன் கீழே கையெழுத்து.

இதையெல்லாம் ஹெச்.எம்.மை எதிரில் நிறுத்திவைத்துச் செய்தால் அடுத்த கூட்டம் நடக்காது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தை அவரே திறந்து காட்டும்படி செய்வதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். பணம் தாமதமாக வரும்போது சொந்தக் காசில் சாக்பீஸ் வாங்கிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். மானியங்கள் தாமதமாகப் பள்ளிக்குப் போய்ச் சேருவதை டெல்லியின் அக்கவுண்டபிலிட்டி இனிஷியேட்டிவ் நடத்திய 'பைசா' ஆய்வுகள் ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்திருக்கின்றன. அந்தத் தாமதத்துக்குப் பள்ளி பொறுப்பில்லை என்று பெற்றோருக்குப் புரிந்தால், ஹெச்.எம்.மும் அவர்களும் சேர்ந்தே வட்டாரக் கல்வி அதிகாரியின் (பி.இ.ஓ.) ஆபீஸுக்குப் போவார்கள். அப்படிப் போன மனுவுக்கு மதிப்பும் அதிகம்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியவேண்டும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். மேலே இரண்டு அரசுகள் முறைத்துக்கொண்டால் கீழே என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர மறுத்ததால், 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்ததாகத் தமிழ்நாடு அரசு முறையிட்டது. மேலிருந்து வரும் பணத்தில் பெற்றோருக்கென்றே ஒரு பங்கு வைக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவில் 1965 முதல் ஏழைப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு பள்ளிகளுக்குத் தரும் 'டைட்டில் ஒன்' நிதியில், ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டங்கள் ஒரு சதவீதத்தையாவது பெற்றோர் பங்கேற்புக்கே ஒதுக்கவேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்கும் குரல் உண்டு. அந்த ஒரு ஏற்பாட்டை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

உதவி பெறும் பள்ளிகளின் பெற்றோரிடம் மட்டும் நான் வேறு மாதிரி பேசவேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கே குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லி அவர்களை அனுப்பக்கூடாது.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவுக்கு நான் வருவது கடைசியில். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுவே எழுதவேண்டும். அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படையாகவேண்டும் என்கிறது அது. நடப்பில் பல பள்ளிகளில் போன ஆண்டுத் திட்டத்தில் தேதியை மாற்றி அனுப்புகிறார்கள். அந்த அம்மாவின் பள்ளியில் எல்லோரும் உட்கார்ந்து எழுதினோம். ஆண்கள் காம்பவுண்டு சுவரும் கேட்டும் என்றார்கள். பெண்கள், ஆறாவது ஏழாவது பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார்கள். நான் அதை முதல் வரியாக எழுதப் போனேன்.

"அத எதுக்குக்கா திட்டத்துல எழுதி மூணு வருஷம் காத்துக்கிட்டு இருக்கணும்?" என்றார் தலைவர். "சுத்தத்துக்குன்னு அம்பதாயிரத்துல அஞ்சாயிரம் இருக்கே, அதுலயே போட்டுடலாம்ல சார்?"

ஹெச்.எம். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். திட்டத்தின் முதல் வரியாகக் காம்பவுண்டு சுவரை எழுதிக்கொண்டோம்.